இராயனா, சீசரா, கைசரா: மார்த்தாண்டம் சனிக்கிழமை வகுப்பு எப்படி?

மார்த்தாண்டத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் ரோமப் பேரரசும் தொடக்கக் கிறிஸ்தவர்களும் பற்றிய வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேரலாம், ஆறாவது வாரத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். மொத்தம் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், கட்டணம் 600 ரூபாய். ஸ்பைரல் போட்ட கையேடும் அதிலேயே அடக்கம். இடைவேளையில் சாயாவும் பழம்பொரியும் உண்டு.

அரசாங்கம் பற்றிய பேச்சு வந்தால் நம் பக்கத்தில் வேதப்புத்தகத்தின் இரண்டு அதிகாரங்கள்தான் மோதும். அடங்கிப் போ என்பவர் ரோமர் 13ஐ எடுப்பார், எதிர்த்து நில் என்பவர் வெளிப்படுத்தின விசேஷம் 13ஐ எடுப்பார். இந்த வகுப்பு அந்த வழக்கைத் தீர்க்க முயலாமல், அந்தக் காலத்து அரசாங்கக் காகிதங்களையே கையில் கொடுத்துவிடுகிறது. அதற்காகவே கட்டணம் தகும்.

ஐந்தாம் வாரம்தான் இருப்பதில் சிறந்தது. கி.பி. 249இன் கடைசியில் பேரரசர் தேக்கியுஸ் போட்ட உத்தரவு: எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், இட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எகிப்தில் 40க்கு மேல் பாப்பிரஸ் நாணல் தாளில் கிடைத்திருக்கின்றன. வகுப்பில் ஒன்றைத் தமிழாக்கி வெற்றுப் படிவமாகத் தருகிறார்கள். ஊர்ப் பலிக் குழுவுக்கு விலாசமிட்டு, பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம் எழுதி, ‘எப்போதும் பலியிட்டு வந்தேன், இப்போதும் உங்கள் முன் பானம் வார்த்து, பலியிட்டு, பலிப்பொருளை ருசித்தேன், கையொப்பமிட வேண்டுகிறேன்’ என்று முடிக்க வேண்டும். 250 ஜூன் 26 தேதியிட்ட ஒன்றில் 72 வயது அவுரேலியுஸ் தியோகெனெஸ் என்பவருக்கு வலது புருவத்தில் தழும்பு. எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் மச்சமும் தழும்பும் எழுதிக் கொடுத்த நமக்கு அந்த வரி சட்டென்று பிடிபடும்.

இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழ் வாங்கியவர்கள் எல்லாம் மறுதலித்த கிறிஸ்தவர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்திக்கும் சான்றிதழ் இருக்கிறது, உத்தரவு எல்லாருக்கும்தான். கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள், சிலர் தூபம் மட்டும் போட்டார்கள், சிலர் எதுவும் செய்யாமல் காசு கொடுத்துக் காகிதத்தை மட்டும் வாங்கினார்கள். 251இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இந்த வகைகளை ஒரே தட்டில் வைக்கவில்லை. காகிதம் வாங்கியவரைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர் நீண்ட தவம் செய்ய வேண்டும் என்றார்கள். ஆசிரியர் இதைக் கரும்பலகையில் பிரித்துப் போட்ட விதம் தெளிவு.

மூன்றாம் வாரம் பிளினி. இன்றைய துருக்கியின் வடக்கிலிருந்த பித்தினியா மாகாண ஆளுநரான அவர் 112 வாக்கில் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தை வரிவரியாகப் படிக்கிறார்கள். நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை, மிரட்டலோடு கேட்பது. ஆம் என்று நிற்பவருக்கு மரணம், ரோமக் குடியுரிமை இருந்தால் ரோமுக்கு அனுப்புதல். இல்லை என்றால் தெய்வங்களை அழைத்து, பேரரசர் உருவத்தின் முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துக் காட்ட வேண்டும். திராயானின் பதில் சின்னது: தேடிப் பிடிக்காதே, பிடித்துக் கொடுத்தால் தண்டி, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே. குற்றமில்லாதவர் என்பதால் தேடக் கூடாது, குற்றவாளி என்பதால் தண்டிக்க வேண்டும், இது என்ன நியாயம் என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னால் கிண்டலடித்தது கையேட்டில் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் கடைசியில் வரும் பலி இறைச்சிச் சந்தையையும் விட்டுவிடாதீர்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்த இறைச்சி திரும்ப விற்கத் தொடங்கியது என்று ஆளுநர் மகிழ்கிறார். புகார் கொடுத்தவர்கள் யாராக இருக்கும் என்று அங்கே கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் வாரத்துக்கு வீட்டில் இருக்கும் வேதப்புத்தகத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், பக்கத்து நாற்காலிக்காரருடையதையும் எட்டிப் பாருங்கள். வரி கட்டலாமா என்ற கேள்விக்கு இயேசு சொன்ன பதில் பழைய திருப்புதலில் ‘இராயனுடையதை இராயனுக்கு’, திருவிவிலியத்தில் ‘சீசர்’, கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறவர் கையிலுள்ள மலையாளத்தில் ‘கைசர்’. இராயன் என்றதும் யாரோ ஒரு ராஜா ஆகிவிடுகிறார். இயேசு காட்டச் சொன்னதோ பேரரசர் திபேரியுவின் தெனாரியம்: நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைந்த வெள்ளிக் காசு, அதில் ‘தெய்வீக அகுஸ்துவின் மகன்’ என்ற எழுத்து. ரோமர் 13இல் ‘துரைத்தனத்தார்’ என்று படிக்கும்போது தொப்பி வைத்த கலெக்டர் துரைதான் கண்ணில் வந்து நிற்பார். பவுல் அதை எழுதியது 57 வாக்கில், பேரரசர் நீரோவின் தொடக்க ஆண்டுகளில். ரோம் எரிந்து, பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது 64இல். இந்த ஏழு வருஷ இடைவெளியைக் கையேடு அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறது.

இரண்டாம் வாரத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 13இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666இன் கணக்கு. எபிரேயத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. நீரோவைக் குறிக்கும் ‘நேரோன் கைசர்’ என்பதை எபிரேய எழுத்தில் போட்டுக் கூட்ட வேண்டும்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. கடைசி ‘ன்’ஐ விட்டு ‘நேரோ’ என்று எழுதினால் 50 குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. மலையாளம் படித்தவர்களுக்குக் கைசர் உடனே ஒட்டும், இராயனை வைத்துக்கொண்டு கூட்டினால் ஒன்றும் வராது.

நான்காம் வாரம் 180 ஜூலை 17, கார்த்தேஜ் விசாரணை. ஆளுநர் முன் நின்றவர்கள் சில்லி ஊர்க் கிறிஸ்தவர்கள் 12 பேர். அவர்களில் ஸ்பெராத்துஸ் என்பவர் இந்த உலகத்தின் பேரரசைத் தான் அங்கீகரிக்கவில்லை என்கிறார். அதே மூச்சில், வாங்குகிற எதற்கும் வரி கட்டுகிறேன் என்கிறார். களியக்காவிளைச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சரக்கு ஏற்றி இறக்கியவர்களுக்கு இந்த ஆள் புரிவார். தொனாத்தா என்ற பெண் சொல்வது: சீசருக்குச் சீசர் என்ற மரியாதை, பயம் கடவுளுக்கு. வரி உண்டு, மரியாதை உண்டு, ஜெபம் உண்டு, குந்திரிக்கத் தூபம் மட்டும் கிடையாது. அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதை இந்த இரண்டு மணி நேரம் நன்றாகக் காட்டுகிறது. 30 நாள் அவகாசம் தருகிறேன் என்று ஆளுநர் சொன்னபோதும் அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

இனி ஆறாம் வாரம். நேரம் போதாமல் 303 முதல் 380 வரை ஒரே ஓட்டம். கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்ததை ‘மிலான் ஆணை’ என்று பலகையில் எழுதினார்கள், ஆனால் அந்தப் பெயர் சரியல்ல. நமக்குக் கிடைத்திருப்பது மிலானில் பேரரசர்கள் கான்ஸ்தாந்தீனும் லிகினியுஸும் பேசி முடித்ததன்படி லிகினியுஸ் ஆளுநருக்கு எழுதிய கடிதம், 313 ஜூன் 13 அன்று நிக்கோமேதியாவில் ஒட்டப்பட்டது. பெரிய குறை, பேரரசர் கலேரியுஸை விட்டுவிட்டது. 303இல் தொடங்கிய கிறிஸ்தவத் துன்புறுத்தலை முன்நின்று நடத்திய அவரே 311 ஏப்ரல் 30இல் அதை நிறுத்தி, எங்கள் நலனுக்காகவும் அரசின் நலனுக்காகவும் உங்கள் கடவுளிடம் மன்றாடுங்கள் என்று கேட்டார். முதல் நூற்றாண்டுக் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளமெந்தின் கடிதத்தில் ஆள்பவர்களுக்கான அந்த ஜெபம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தால் ஐந்து வாரப் பாடமும் ஒரு முடிச்சுக்கு வந்திருக்கும்.

கடைசியில், திருவிதாங்கூரில் கிறிஸ்தவராக மாறி 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயத்தை இந்த வரிசையில் சேர்த்ததும் ஒட்டவில்லை. ரோமில் தூபம் கேட்டது பேரரசரின் உருவம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவோ 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்துத் தன்னைத் தாசன் என்று சொல்லிக்கொண்டவர். வேறு வகை அதிகாரம், வேறு வகை வழக்கு. அதற்குத் தனி வகுப்பு வைக்கலாம்.

கையேடு மட்டும் வேண்டுமென்றால் 150 ரூபாய்க்குத் தனியாகத் தருகிறார்கள். வரைபடம் நகலெடுத்து நகலெடுத்துக் கறுத்துவிட்டதால் பித்தினியா எங்கே என்று தெரியாது. போனில் வேறு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையில் மேம்பாலத்து வண்டிச் சத்தம் பாடத்தை விழுங்கிவிடும், ஆகவே ஐந்தரைக்கே போய் முன்வரிசையைப் பிடியுங்கள்.