அம்மாவுக்கு வாங்கின பெரிய எழுத்து வேதாகமம்

தை மாசம் காட்பாடியிலிருந்து பஸ் ஏறி வேலூருக்குப் போய், ஒரு கிறிஸ்தவ புத்தகக் கடையில பெரிய எழுத்து பரிசுத்த வேதாகமம் வாங்கினேன். 850 ரூபாய். ஏழு மாசமா எங்க வீட்டுல தினமும் புழங்குது.

அம்மாவுக்கு 71 வயசு. சர்க்கரை இருக்கு, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. அப்பா போனதுலேர்ந்து வேதத்தைத் தொடவே இல்ல. "எழுத்து தெரியலம்மா"ன்னுவாங்க. ஆனா படுக்கப் போகும்போது முணுமுணுன்னு கேக்குமே, அந்த ஜெபமும் நின்னு போச்சு. அதுக்குக் கண்ணா காரணம்? யாரும் கேட்டுக்கல.

கடையில மூணு அளவு எழுத்து இருந்தது. நான் நடு அளவைக் கையில எடுத்தேன். கடைக்கார அண்ணன்தான், "படிக்கிறவங்க கண்ணாடியைக் கொண்டாந்து போட்டுப் பாருங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார். மறுநாள் அம்மாவையே கூட்டிட்டுப் போனேன். பெரிசுதான் சரிப்பட்டுச்சு. நீங்களும் படிக்கிறவங்களோடயே போங்க.

கனம் அதிகம். மடியில வச்சா கால் மரத்துப் போகுதுன்னு தலகாணி மேல வச்சுத்தான் படிக்கிறாங்க. தாள் மெலிசு, டியூப் லைட்டுல பின்பக்க எழுத்து நிழலாடும், காலை வெளிச்சத்துல தொந்தரவில்ல. இயேசு பேசின வார்த்தையெல்லாம் சிவப்புல இருக்கு. அந்தச் சிவப்பு வெளிர்சிவப்பா போயிட்டது எனக்கு வருத்தம். கண் மங்கினவங்களுக்குன்னு அச்சடிக்கிறப்போ அதைத்தானே முதல்ல கவனிக்கணும்? நாலாம் மாசம் ஆதியாகமத்துல எட்டுப் பக்கம் கையோட வந்துடுச்சு, பசை போட்டு ஒட்டியிருக்காங்க. தையல் போட்டதா பார்த்து வாங்குங்க.

மொழி பழசு, 1871-ல வந்த மொழிபெயர்ப்பு. முதமுதலா படிக்க வர்றவங்களுக்கு 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம், சுலபமா இருக்கும். அம்மாவுக்கு அது வேணாம். சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின வார்த்தை அப்படியே கண்ணுல படணும் அவங்களுக்கு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் தானா திருப்பி 121-ம் சங்கீதத்துல நிறுத்தினாங்க. விரலை வச்சு, எழுத்துக்கூட்டி: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." தலையைத் தூக்கி ஜன்னல் வழியா பாத்தாங்க. எங்க ஊர் மலைதான் தெரியுமே, வெறும் பாறை. மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறுன்னு ஊரே சொல்றதுதானே. "இந்த மலையிலேர்ந்து என்னத்த வரப்போகுது"ன்னாங்க. அப்புறம் விரல் கீழ இறங்குச்சு: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." அங்கயே நின்னுடுச்சு விரல். மலை தரும்னு அந்த வசனம் சொல்லவே இல்ல. இத்தனை வருஷம் பாட்டா பாடியும் எனக்கு அது உறைச்சதில்ல. மொத்தம் 8 வசனம். முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டேன்.

அதுலேர்ந்து நானும் காலையில ஒரு அதிகாரம் படிக்கிறேன். அப்பாவுக்காக எவ்வளவோ ஜெபிச்சும் அவர் பிழைக்கல, அந்தக் கசப்பு எனக்கும் இருந்தது. மாற்கு 9-ம் அதிகாரத்துல ஒரு தகப்பன் அழுதுக்கிட்டே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கேக்கறான். இயேசு அவனைத் துரத்தல, பிள்ளையைச் சுகமாக்கினார். அரைகுறை விசுவாசத்தோட அவர் பின்னால போகலாம்னு எனக்குத் தைரியம் வந்தது அங்கதான். இப்போ என் ஜெபமே அந்த ஒரு வரிதான்.

கழண்ட எட்டுப் பக்கத்தையும் அம்மா அடுக்கி உள்ளயே வச்சிருக்காங்க, மாத்த விடமாட்டேங்கறாங்க. ராத்திரி முணுமுணுப்பு திரும்பக் கேக்குது. வார்த்தை ஒண்ணும் விளங்காது, நடுவுல என் பேரு மட்டும் கேக்கும்.