தேரடியிலிருந்து பாரிமுனை வரை: பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹைபிரிட் சைக்கிள்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனையில் உள்ள என் அலுவலகம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அந்தத் தொலைவை நாள்தோறும் மிதித்துக் கடப்பதற்காகப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் கலந்த வகையான ஒரு ஹைபிரிட் சைக்கிளைத் தேடி மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். வாங்கிய வண்டியோடு ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் கழித்துவிட்டே இதை எழுதுகிறேன். இந்த விலையில் வண்டி எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ, வடசென்னைக்கு அவ்வளவு பொருந்தும் என்பதே என் கருத்து.

மூன்று கடைகளிலும் முதலில் காட்டப்பட்டது, முன்பக்க ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் கொண்ட வண்டி. பார்வைக்கு அது மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விலையில் கிடைக்கும் ஷாக் பெரும்பாலும் இரும்புக் குழாய்க்குள் வைத்த ஒரு சுருள்வில்தான். வண்டியின் எடையை ஒரு கிலோவுக்கும் மேல் கூட்டுவதோடு, எழுந்து நின்று மிதிக்கும்போது நம் வலுவில் ஒரு பங்கையும் அது விழுங்கிவிடுகிறது. காசிமேட்டு உப்புக்காற்றில் அதன் கதி என்ன ஆகும் என்பதை எங்கள் தெருத் தம்பி ஒருவரின் வண்டியில் கண்டேன்: ஓராண்டுக்குள் துருவேறி, அமுங்கவும் மறுத்து நிமிரவும் மறுத்துவிட்டது. ஆகவே ஷாக் இல்லாத நேரான ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), அலுமினியச் சட்டகம், பின்னால் மட்டும் 7 கியர் என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வழியில் மேடு என்று சொல்ல மின்ட் மேம்பாலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத எனக்கு அந்த ஏழே மிகுதி.

டயர் விஷயத்தில்தான் நிறைய யோசிக்க வேண்டும். ஹைபிரிட் சைக்கிள்களில் பெரும்பாலும் 700சி என்ற அளவுச் சக்கரம் வருகிறது. அதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் அப்பாக்கள் ஓட்டிய 28 அங்குல சைக்கிளுக்கோ அது 635 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. தண்டையார்பேட்டையில் ஒருநாள் டயர் கிழிந்து நின்றபோது பஞ்சர் கடைப் பெரியவர், "தம்பி, எங்கிட்ட இருக்கிறது இருபத்தெட்டு, இருபத்தாறு ரெண்டுதான், உன் ரிம்முக்கு ஏறாது" என்று கைவிரித்துவிட்டார். பஞ்சர் ஒட்டுவதற்கு எந்தக் கடையும் போதும். டியூப் மாற்ற வேண்டுமென்றால் கைவசம் ஒன்று இருக்க வேண்டும். அன்று முதல் பையில் ஒரு டியூப் நிரந்தரமாக இருக்கிறது. அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். கன்டெய்னர் லாரிகள் நொறுக்கிய சாலைகளில் அதைவிட மெல்லிய டயர் மணிக்கட்டைப் பதம் பார்க்கும். மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பதுபோன்ற தடித்த வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் எனக்கு முழு நிறைவு இல்லை. என் வண்டியில் இருப்பது ரிம்மைக் கவ்வும் வி-பிரேக். அதன் கட்டைகள் விலை குறைவு, எளிதில் கிடைக்கும், நாமே மாற்றிவிடலாம். ஆனால் மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. முன்கூட்டியே இலேசாக அழுத்தி ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்கப் பழகிக்கொண்டேன். அப்படிப் பழக விரும்பாதவர்கள் கூடுதல் விலை கொடுத்து நல்ல டிஸ்க் பிரேக்குக்குப் போவதே பாதுகாப்பு. பிளாஸ்டிக் பெடல் மூன்றாம் மாதமே உடைந்தது.

உயரத்துக்கேற்ற சட்டகம் இல்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்க வேண்டாம். நான் சென்ற ஒரு கடையில், கையிருப்பில் இருந்த பெரிய அளவையே "சீட்டை இறக்கினால் சரியாகிவிடும்" என்று தலையில் கட்டப் பார்த்தார்கள். மேல்குழாயின் இருபுறமும் காலூன்றி நின்றால் இரண்டு விரற்கடையாவது இடைவெளி இருக்க வேண்டும். சீட்டை இறக்குவதால் அந்த இடைவெளி அதிகமாகிவிடாது. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், பழைய விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

மட்கார்டு, பூட்டு, முன்பின் விளக்கு, மணி ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். மட்கார்டும் கேரியரும் பொருத்துவதற்கான திருகுத் துளைகள் சட்டகத்தில் உள்ளனவா என்று வாங்கும்போதே பாருங்கள். மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாமல் ஓட்டினால் சாலைச் சேறு முழுவதும் சட்டையின் முதுகில்தான். செயினை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்று அதைச் செம்மண் நிறமாக்கிவிடும். மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் ஒருமுறை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மூழ்கும் அளவுக்கு வண்டியை இறக்கிவிட்டேன். கிரீஸ் கரைந்து சக்கரம் கரகரக்கத் தொடங்கியதால் இரண்டு ஹப்புகளையும் பிரித்துப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் அப்படித் தண்ணீர் நின்றால், சுற்றுவழியே ஆனாலும் வேறு சாலையில்தான் போகிறேன்.