பில்லிங் நிரலா, வீடியோ கேமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து ஜிஎஸ்டி பில்லிங் நிரல் எழுதுகிறவர் கேம் எழுதும் வேலைக்கு மாறலாமா? பில்லிங்கில் ஒரு திரை 2 விநாடி தாமதமாக வந்தாலும் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். கேமில் அது நடக்காது. விநாடிக்கு 60 பிரேம் (திரையில் மாறி மாறி வரும் படம்) ஓட வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. அசைவு, மோதல் கணக்கு, வரைதல் எல்லாம் அதற்குள். நினைவகத்தைக் கண்டபடி ஒதுக்கினால் பயன்படாத நினைவகத்தை மீட்டெடுக்கும் கார்பேஜ் கலெக்டர் குறுக்கே வந்து ஆட்டம் திக்கும். பள்ளியோடு மறந்த வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்குகளையும் தூசி தட்டியாக வேண்டும்.

சி ஷார்ப் மொழி தெரிந்தவர், கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார். அதே போன்ற அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ் மொழி. கோடோ என்ற இன்னொன்று இலவசம்.

நிம்மதிக்கு பில்லிங்தான், மார்ச் கடைசியைத் தவிர. கேம் வெளியீடு நெருங்கினால் வீட்டுச் சோறே மறந்துபோகும். நானாக இருந்தால் வேலையை விடாமல், சனி ஞாயிறில் சின்னதாக ஒரு கேமை முழுசாக முடித்துப் பார்ப்பேன். கடற்கரைச் சாலை நடை அதுவரை காத்திருக்கட்டும்.