சுவைப் பாடம்: பஞ்சுக்குச்சியா, மூக்கைப் பொத்துவதா, சிறுகுறிஞ்சானா?

சுவை பற்றிப் பாடம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது பஞ்சுக்குச்சிச் சோதனை. சர்க்கரை, உப்பு, எலுமிச்சை, பாகற்காய்ச் சாறுகளைத் தொட்டு நாக்கில் அங்கங்கே வைத்து, எது எங்கே தெரிகிறது என்று நாக்குப் படத்தில் குறிக்க வேண்டும். செலவில்லை, எல்லாருக்கும் வேலை இருக்கும். ஆனால் அந்தப் படமே கோளாறு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுதான். 1942-இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர் தன் நூலில் அதை வரைந்த விதத்தால், நுனிக்கு இனிப்பு, அடிநாக்குக்குக் கசப்பு என்று பாகப்பிரிவினையே நடந்துவிட்டது. உண்மையில் சுவை மொட்டுள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நுனியிலும் கசக்கிறது என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்குத் தப்பு போட்டுவிடுவோம். படம் பொய் என்று காட்டுவதற்காகச் செய்தால் சரி.

மூக்கைப் பொத்தும் சோதனைக்கு ஆரஞ்சு, அன்னாசி மிட்டாய் போதும். கண்ணை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு சப்பினால் இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும், எந்தப் பழம் என்று சொல்வது கஷ்டம். விரலை எடுத்ததும் பழம் வந்துவிடும். வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான் அது. சளி பிடித்தால் சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். ஒரே பாடவேளைதான் உண்டென்றால் என் ஓட்டு இதற்கே.

வியப்பில் மட்டும் சிறுகுறிஞ்சான் என்ற மூலிகைக் கொடியை எதுவும் மிஞ்சாது. இலையை மென்று துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுச் சர்க்கரையைப் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளை மட்டும் கொஞ்ச நேரம் மறித்துவிடுகின்றன. உப்பு கரிக்கும், எலுமிச்சை புளிக்கும். ஒவ்வொரு சுவைக்கும் தனி ஏற்பி என்பதற்கு வகுப்பில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் இலை கசக்கும், சின்னப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இலையை அடையாளம் தெரிந்தவர்தான் பறிக்க வேண்டும். இது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது என்பதால் நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் மாணவருக்குக் கொடுக்கவே கூடாது.

அப்புறம் பிடிசி (PTC) என்ற வேதிப்பொருள் தடவிய தாள். சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டது. மரபியல் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்பா அம்மாவிடம் சோதித்து வா என்று மட்டும் அனுப்ப வேண்டாம். அது ஒற்றை மரபணுக் கணக்கில் எப்போதும் அடங்காது, பிள்ளை யாருடையது என்று வீட்டில் வீண் சந்தேகம் கிளம்பும்.