ஆட்சென்ஸை விட்டு பிரீமியம் விளம்பர நெட்வொர்க்குக்கு மாறிய பிறகு

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். என் தளத்துக்கு, கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் வந்ததைவிட நன்றாகவே வருகிறது. டிராஃபிக் அதேதான், கட்டுரைகளும் அவைதான், மாறியது ஏலம். ஹெடர் பிடிங் முறையில் ஒரு விளம்பர இடத்துக்குப் பல எக்ஸ்சேஞ்சுகள் (விளம்பரச் சந்தைகள்) ஒரே நேரத்தில் போட்டி போடுகின்றன. கூகுளும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான். நிறையப் பேர் தளம் நடத்துபவருக்கு ஆட்சென்ஸ் தந்த பழைய 68 சதவீதப் பங்கையும், மீடியாவைன் என்ற பிரீமியம் நெட்வொர்க் தரும் 75 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எந்தத் தொகையில் 75 என்று பார்க்காவிட்டால் அந்தக் கணக்கு உதவாது.

உள்ளே நுழையத்தான் கஷ்டம். மீடியாவைன் சில வருடங்கள் மாதம் 50,000 செஷன் கேட்டது (ஒருவர் தளத்துக்கு ஒருமுறை வந்து போவது ஒரு செஷன்). 2024இல் சின்ன தளங்களுக்காக ஜர்னி என்ற திட்டத்தை 10,000 செஷனில் தொடங்கியது. எண்ணிக்கை மட்டும் போதாது, வாசகர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். விளம்பரதாரர் தருகிற விலை அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

டாஷ்போர்டைத் திறந்ததும் கண் போவது பேஜ் ஆர்பிஎம்மில், அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கு வரும் வருமானத்தில். நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கட்டுரைகளுக்கு நடுவே தொடர்புள்ள பக்கங்களுக்கு இணைப்பு கொடுத்தபோது பேஜ் ஆர்பிஎம் இறங்கியது, மாத வருமானம் ஏறியது. ஒருவர் ஒரு பக்கம் படித்துவிட்டுப் போனால் ஆயிரம் வருகைக்கு 12 டாலர் என்று வையுங்கள். அவரே இரண்டு பக்கம் படித்து, ஆயிரம் பக்கத்துக்கு 9 டாலர் கணக்கில் வந்தால் ஆயிரம் செஷனுக்கு 18. பேஜ் ஆர்பிஎம்மை மட்டும் பார்ப்பவருக்கு இது நஷ்டமாகத் தெரியும்!

ஜனவரிக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆண்டுக் கடைசியில் கம்பெனிகள் பட்ஜெட்டைக் கொட்டும். புது வருடம் பிறந்ததும் கை இறுகிவிடும். அதே டிராஃபிக்குக்கு டிசம்பரில் வந்தது ஜனவரியில் வராது. அப்புறம், பணம் கைக்கு வரும் தாமதம். நெட் 65 என்றால் மாதம் முடிந்து 65 நாள்: ஜனவரியில் சம்பாதித்தது ஏப்ரல் முதல் வாரத்தில்தான். ஹோஸ்டிங் பில் அதுவரை காத்திருக்காது. மாறுகிற நேரத்தில் கையில் இரண்டு மூன்று மாதச் செலவுக்கு இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையான எரிச்சல் போனில்தான். கீழே ஒட்டிக்கொண்டு ஒரு பேனர், ஓரத்தில் மிதக்கும் வீடியோ, அதை மூட ஒரு குட்டிப் பெருக்கல் குறி. விரல் கொஞ்சம் தவறினால் விளம்பரத்துக்குள் போய் விழலாம். நடுவில் மிச்சம் ஐந்தாறு வரி. மொபைலில் கட்டுரையின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் துறைக் கூட்டமைப்பு ஒன்றின் பெட்டர் ஆட்ஸ் தரநிலை சொல்கிறது. ஆனால் ஒரு பக்கம் அந்த வரம்புக்குள் இருந்தும் படிக்க முடியாமல் இருக்கலாம். வீடியோவை அணைக்கச் சொன்னதும், "வருமானம் குறையும்" என்று சப்போர்ட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டாவது பக்கத்துக்குப் போகிறவர்கள் கூடினார்கள், செஷன் கணக்கில் குறைந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

சேரும் முன் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: வேறு நெட்வொர்க்கின் விளம்பரம் போடலாமா, விலக எத்தனை நாள் நோட்டீஸ். விலகினால், உங்கள் விளம்பர இடங்களை யார் விற்கலாம் என்று பட்டியலிடும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பிலிருந்து அவர்களுடைய வரிகளை நீக்குங்கள். பழைய ஆட்சென்ஸ் கணக்கை மூட வேண்டாம்.