கைரேகையில் திறக்கும் துவக்குப் பெட்டகம்: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

தம்பலகாமத்தில் எங்கள் வயலுக்குக் காவலாக இருப்பது தகப்பனார் காலத்து ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு. பேரப்பிள்ளைகள் வந்து தங்கத் தொடங்கிய பிறகு அதை அலுமாரிக்கு மேல் போட்டு வைத்திருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. ஆகவே பெரும்போக விதைப்புக்கு முன்னர், விரலை வைத்தால் திறக்கும் இரும்புப் பெட்டகம் ஒன்றை 48,000 ரூபாவுக்குத் தருவித்தேன். வரும் காலத்தில் துப்பாக்கிக்குள்ளேயே இத்தகைய பூட்டு வரப்போகிறது என்று படித்திருந்ததும் அதை வாங்க ஒரு காரணம்.

இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கரை அடி உயரம். சுவரோடு இறுக்க நான்கு போல்ட். தோட்டாக்களுக்குத் தனிப்பூட்டுள்ள மேல்தட்டு. காய்ந்த விரலை வைத்தால் ஒரு விநாடிக்குள் 'டக்' என்று கதவு விடுபடுகிறது.

சிக்கல் தை மாதத்தில், கதிர் பால்பிடித்திருந்த ஓர் இரவில் தெரிந்தது. உடைந்த வரம்பை அடைத்துக்கொண்டிருந்த வேளையில் பன்றிக்கூட்டம் இறங்கிவிட்டது. ஓடிவந்து கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை தவறியதும் பெட்டகம் தானாகவே சில நிமிடங்களுக்கு முடங்கிக்கொண்டது. அவசரத் திறப்பையோ, பிள்ளைகளின் கையில் அகப்படக்கூடாது என்று மனைவி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தார். திறப்பு கைக்கு வருவதற்குள் பன்றிகள் கால் ஏக்கரை உழுதுவிட்டுப் போய்விட்டன.

மறுவாரம் பொறுமையாக இருந்து சோதித்தேன். கழுவித் துடைத்த பெருவிரலுக்கு 20 முறையில் 17 முறை திறந்தது. வயலிலிருந்து வந்த கையோடு வைத்தபோது 6 முறைதான். விரலை வாசிக்கும் இத்தகைய உணரி, தோலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையேயுள்ள மின்தேக்க வேறுபாட்டை, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் அளவிலுள்ள வேறுபாட்டை, கொண்டே ரேகையை வாசிக்கிறது. ஈரம் பள்ளத்தை நிரப்பிவிட்டால் வேறுபாடு மங்கிவிடும். அரிவாளும் மண்வெட்டியும் யூரியாவும் நாற்பது வருடம் தேய்த்த விரலில் மேடே அதிகம் மிஞ்சியிருப்பதில்லை. வயதான கமக்காரனின் விரலை வைத்துப் பார்த்துவிட்டா இதை விற்பனைக்கு விட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

துப்பாக்கிக்குள் வைக்கப்படும் பூட்டையும் நான் இந்த விரலை வைத்தே எடைபோடுகிறேன். அமெரிக்காவின் பயோஃபயர் நிறுவனம் 2023இல் 1,499 டொலர் விலையில் அறிவித்த 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி, கைரேகையோடு முகத்தையும் அடையாளம் காண்கிறது. இரண்டில் எது ஒத்துப்போனாலும் போதும், பிடி கையை விட்டு நீங்கியதும் மீண்டும் பூட்டிக்கொள்ளும். விரல் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று அதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருப்பது எனக்குப் பிடித்தது. ஆயினும் அதுவும் மின்னேற்ற வேண்டிய பற்றரியில்தான் இயங்குகிறது. என் தகப்பனாரின் துவக்குக்கோ எண்ணெய்த்துணி ஒன்றே போதும்.

இதற்கு முந்திய முயற்சிகள் பட்ட பாடும் நினைவில் வைக்கத்தக்கது. ஜேர்மனியின் ஆர்மாற்றிக்ஸ் ஐபி1 என்ற துப்பாக்கி, உரியவர் கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தின் வானொலிச் சமிக்ஞை கிடைத்தால் மட்டுமே சுடும். 2017இல் ஓர் ஆய்வாளர் ஏறக்குறைய 15 டொலர் பெறுமதியான காந்தங்களைப் பக்கத்தில் பிடித்துக் கடிகாரமே இல்லாமல் அதைச் சுட்டுக்காட்டினார். இலக்கைத் தானே கணிக்கும் டிராக்கிங்பொயின்ற் துப்பாக்கியின் கதை இன்னும் மோசம்: அதன் வைஃபை வழியாக உள்ளே நுழைந்து குறியை வேறு திசைக்கு மாற்றலாம் என்று 2015இல் இரு ஆய்வாளர்கள் செய்தே காட்டினர். கதவு திறக்க மறுத்தால் நெல்தான் போகும், குறி மாறினால் பரணில் இருக்கும் ஆளே போகலாம். ஆகையால் துவக்கில் அறிவு ஏற்றுவதானால் அது பூட்டோடு நிற்கட்டும், குறிபார்ப்பது என் கண்ணிடமே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. சட்டம் போட்டு அவசரப்படுத்துவதும் பலிக்கவில்லை. உரியவர் கையில் மட்டுமே சுடும் கைத்துப்பாக்கி கடைக்கு வந்து மூன்று வருடத்தில் மற்றக் கைத்துப்பாக்கிகளின் விற்பனை நிற்க வேண்டும் என்று அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலம் 2002இல் விதித்தது. அந்தப் பயத்தில் எதிர்ப்பு கிளம்பி, அதை விற்க முன்வந்த வியாபாரிகளே பின்வாங்கினர். 2019இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

பெட்டகத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டியதுதான். வயல்வேலை செய்யாதவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். கமக்காரர்கள் வாங்குவதானால், இலக்கம் அழுத்தியும் திறக்கக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் அது இல்லை. அதிகம் தேயாத இடக்கைச் சுண்டுவிரலை இப்போது பதிந்திருக்கிறேன், சேற்றுக்கையோடும் 20இல் 13 முறை திறக்கிறது. கச்சேரியில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளையே பற்றரி மாற்றும் நாளாகவும் வைத்துக்கொண்டேன். திறப்பு இன்னமும் அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பானை என்று எனக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.