ஆயிரம் மைல் தள்ளி ஒரு டீலர், அரை மணி நேரத்தில் ஒரு டீலர்

எதிர் வீட்டு மதுரைக்காரரும் நானும் ஒரே வசந்த காலத்தில் டிரெய்லர் வாங்கினோம். காரின் பின்னால் கோத்து இழுத்துப்போகும் வீடு. இரண்டும் 26 அடி, இரண்டிலும் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், இரண்டும் இந்தியானா மாநிலத்தில் செய்தவை. டெக்சாஸ் மாநிலத்துப் பிளேனோவில் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டிப்போய், டாலஸ் புறநகர் டீலரிடம் அவர் வாங்கினார். நான் ஆயிரம் மைல் போய் வடக்கு இந்தியானாவில் வாங்கினேன். இருவரில் யார் கெட்டிக்காரர் என்ற வழக்கு இரண்டு ஆண்டுகளாகக் காபி டம்ளர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பை நானே எழுதிவிடுகிறேன். நீதிபதி வழக்கில் ஒரு கட்சிக்காரர் என்பதை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

விலையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். உள்ளூர் டீலர் சொன்னது 38,400 டாலர். இந்தியானா டீலர் சொன்னது 32,900. இந்த 5,500 டாலர் வித்தியாசம் வெறும் விளம்பரத் தந்திரம் அல்ல. வட அமெரிக்காவில் ஓடும் இந்த வகை வண்டிகளில் பத்துக்கு எட்டு, வடக்கு இந்தியானாவின் எல்க்கார்ட் நகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில்தான் உருவாகின்றன. தோர், ஃபாரஸ்ட் ரிவர் ஆகிய இரு பெரிய குழுமங்களுக்கும் அதுவே தலைமையிடம். அங்கேயும் தெற்கு மிச்சிகனிலும் கடை போட்டிருக்கும் டீலருக்கு வண்டி கொண்டுவரும் செலவு ஏறக்குறைய இல்லை. எண்ணிக்கையில் நிறைய விற்று, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் லாபம் பார்க்கிறார். டெக்சாஸுக்கு வர வேண்டுமென்றால் யாரோ ஒருவர் தன் லாரியில் கோத்து ஆயிரம் மைல் இழுத்து வர வேண்டும். அந்தக் கூலி விலையில் ஏறிவிடும். உள்ளூர் டீலரின் முற்றத்தில் பளபளவென்று நிற்கிறதே, அதுவும் அதே சாலையில் குலுங்கி வந்த வண்டிதான். இதை மதுரைக்காரர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அட்டையில் அச்சிட்ட விலையை யாரும் பொருட்படுத்த வேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல் மட்டும் தொழிற்சாலைகளிலிருந்து ஆறு லட்சம் வண்டிகள் வெளியேறின. அன்று தள்ளுபடி கேட்டால் சிரித்தார்கள். 2023-இல் அது மூன்று லட்சத்துச் சொச்சமாகச் சரிந்தது. நாங்கள் வாங்கியது அதற்குப் பிறகு. அட்டை விலையில் கால் பங்கைக் குறைப்பது அப்போது பேரமே அல்ல, பேரத்தின் தொடக்கம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எல்லாக் கட்டணமும் சேர்த்து, சாவி கைக்கு வரும்போது எவ்வளவு? இந்தியானாக்காரர் தொலைபேசியில் முதலில் சொன்னது 31,200. ஆவணக் கட்டணம், தயார்செய்யும் கட்டணம், ‘கட்டாயம் வாங்க வேண்டிய’ பேட்டரி என்று ஒவ்வொன்றாக முளைத்து 32,900 ஆனது. எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

வரியில் லாபம் இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. எங்கே வாங்கினாலும் டெக்சாஸில் பதிவு செய்யும்போது 6.25 சதவீதம் கட்டியே ஆக வேண்டும். உள்ளூரில் வாங்கினால் கவுண்டி வரி அலுவலக வேலையை டீலரே முடித்துத் தருவார். வெளியூரில் வாங்கினால் 130-யூ என்ற பதிவு விண்ணப்பப் படிவத்தோடு நாம் வரிசையில் நிற்க வேண்டும். அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

போய்வந்த செலவு? பெட்ரோல், மூன்று இரவு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 900 டாலருக்குள் அடங்கியது. நான்கு நாள் விடுப்பு தனி. என் பிக்கப் வெறுமனே போகும்போது கேலனுக்கு 20 மைல் கொடுக்கும். டிரெய்லரைக் கோத்ததும் பத்தைத் தாண்டவில்லை. ஆனால் பணத்தைவிடப் பெரிய செலவு இல்லினாய்ஸில் காத்திருந்தது. 57-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருபுறமும் சோள வயல்; அறுவடை முடிந்து, மார்ச் மாதத்தில் ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி. பக்கக் காற்று தடுக்க ஆளில்லாமல் வருகிறது. பெரிய லாரி ஒன்று தாண்டிப் போகும்போது முதலில் வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறது, பிறகு தன் பக்கம் இழுக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மரத்துப்போனது. வாழ்நாளில் டிரெய்லரே இழுத்திராதவருக்கு முதல் பாடம் இப்படி அமையக் கூடாது. மதுரைக்காரருடைய முதல் பாடம் இருபது மைல், ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான சாலை.

இனி என் தவறுக்கு வருகிறேன். நான் வண்டி எடுத்த நாளில் அங்கே உறைபனி. குளிர்காலம் முழுவதும் வடக்கு டீலர்கள் வண்டியின் தண்ணீர்க் குழாய்களைக் காலிசெய்து, உறையாமலிருக்க இளஞ்சிவப்பு நிறத் திரவம் ஒன்றை நிரப்பி வைப்பார்கள். ஒப்படைக்க வந்த இளைஞர் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார், வெளியே நீளும் பக்க அறையை நீட்டி மடக்கினார், விளக்குகளைப் போட்டு அணைத்தார். குழாயைத் திறந்தால் இளஞ்சிவப்பாக நாலு சொட்டு வந்தது. “தண்ணீர் அமைப்பைத் தொழிற்சாலையிலேயே சோதித்துவிட்டார்கள்” என்றார். எனக்கும் குளிர், அவருக்கும் குளிர். கையெழுத்துப் போட்டேன்.

பிளேனோவுக்கு வந்து தொட்டியை நிரப்பிய முதல் இரவு, எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் தானாக ஒரு நொடி உறுமி நின்றது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும். மூடிய குழாயில் பம்ப் பேசக் கூடாது. பேசினால் எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். டார்ச்சோடு மண்டியிட்டு, குளியலறைச் சுவருக்குப் பின்னால் கையை விட்டேன். ஒட்டுப்பலகை ஈரமாக, அப்பளம் நமுத்ததுபோல் இருந்தது. பிளாஸ்டிக் குழாயைக் கவ்விப்பிடிக்கும் செம்பு வளையம் சரியாக நெருக்கப்படாமல் ஆடியது.

வாரண்டி ஓராண்டு இருக்கிறது, தருவது தயாரிப்பாளர். ஆகவே அதே பிராண்டை விற்கும் எந்த டீலரும் சரிசெய்யலாம். காகிதத்தில் அப்படித்தான். ஆனால் வெளியில் வாங்கிய வண்டியை எடுக்கப் பல டீலர்கள் தயங்குவார்கள். வாரண்டி வேலைக்குத் தயாரிப்பாளர் இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுத்தான் பணம் தருவார், பெரும்பாலும் கைக்காசு கொடுப்பவர் தருவதைவிடக் குறைவாக. அந்த வேலையைத் தன்னிடம் வாங்கியவருக்குச் செய்வதில் டீலருக்கு ஒரு நியாயம் உண்டு. என்னைப் போன்றவருக்குச் செய்ய என்ன இருக்கிறது? உள்ளூர் சர்வீஸ் பிரிவை அழைத்தபோது பெயர் கேட்பதற்கு முன் “எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டார்கள். ஆறு வாரம் கழித்து அழைக்கச் சொன்னார்கள். அதற்குள் பலகை காளான் பூத்துவிடும். முப்பது டாலருக்கு வளையம் நெருக்கும் இடுக்கி ஒன்று வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியத்தில் நானே முடித்தேன்.

அப்படியானால் மதுரைக்காரர் வென்றார் என்று முடிவுகட்ட வேண்டாம். அவருடைய குளிர்பெட்டி மே மாதத்தில் நின்றுபோனது. உள்ளூர் டீலர் மறு பேச்சில்லாமல் வண்டியை உள்ளே எடுத்துக்கொண்டார். எடுத்தது எடுத்ததுதான், ஏழு வாரம் வெளியே விடவில்லை. தயாரிப்பாளரின் ஒப்புதல், பிறகு பாகம், பிறகு ஆள். கோடை விடுமுறையில் பாதி போயிற்று. “அண்ணா, நீங்கள் தண்ணீர் ஒழுகும் வண்டியோடாவது ஊர் சுற்றினீர்கள், எங்களுக்கு வண்டியே இல்லை” என்று அவர் மனைவி என்னிடம் சொன்னது இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சாட்சியம். ஆனாலும் அவர் வெள்ளிக்கிழமை தோறும் நேரில் போய் நின்று கேட்டார். ஆயிரம் மைல் தள்ளியிருப்பவரிடம் அப்படிப் போய் நிற்க முடியாது.

இந்த வண்டிகள் அவசரமாகச் செய்யப்படுபவை. ஆணியும் பசையும் ஒட்டுப்பலகையும் கொண்ட வீட்டை எடுத்து நெடுஞ்சாலையில் குலுக்கினால் ஏதாவது கழன்றே தீரும், எங்கே வாங்கினாலும். தூரத்து டீலர் குறைத்துத் தரும் தொகை, முதலாண்டில் நாம் செய்யப்போகும் சர்வீஸ் வேலைக்கு முன்கூட்டியே தரும் கூலி என்று பார்க்கிறேன். ஸ்பேனர் பிடிக்கப் பழகிய கைக்கு அது நல்ல கூலி. பிடிக்காத கைக்கு, மூவாயிரம் டாலர் வரை வித்தியாசம் இருந்தாலும் உள்ளூரே மேல். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு நான் இந்தியானாவைச் சொல்லவே மாட்டேன். இரண்டாயிரம் மைலுக்கு மேல், நடுவில் ராக்கி மலை. நியூ ஜெர்சிக்காரர்கள் இந்தியானா வரை போகவும் தேவையில்லை, செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போய்ப் பல டீலர்களை ஒரே புல்வெளியில் மோதவிடலாம்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், விலை பேசுவதற்கு முன் உள்ளூர் சர்வீஸ் பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள், விற்பனைப் பிரிவுக்கு வேண்டாம். வெளியில் வாங்கியதை எடுப்பீர்களா, இன்றைக்குக் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். தங்களிடம் வாங்கியவரையே இரண்டு மாதம் காக்கவைக்கும் இடம் என்றால், அந்த அரை மணி நேர நெருக்கத்துக்கு 5,500 டாலர் கொடுப்பதில் பொருளில்லை. தூரத்து விலையை எழுத்தில் வாங்கி உள்ளூரில் காட்டினால் கொஞ்ச தூரமாவது இறங்கி வருவார்கள். நான் காட்டியபோது இரண்டாயிரம் இறங்கினார்கள், எனக்குத்தான் அப்போது தலைக்கனம். வடக்கே போவதென்றால் ஏப்ரல் கடைசிக்கு முன் போகாதீர்கள். போனால், குழாய்களில் தண்ணீர் ஏற்றிச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சில நூறு டாலர் கொடுத்தால் டீலரோடு தொடர்பில்லாத பரிசோதகர் வந்து கூரை ஒட்டு முதல் அச்சு வரை பார்த்துத் தருவார். நான் அந்தச் சில நூறை மிச்சம் பிடித்தேன்.

அந்த இடுக்கி இப்போது என்னிடம் இல்லை. உள்ளூர் டீலர் தேதி கொடுக்கத் தாமதமாகிறதாம். மூன்று வாரமாக எதிர் வீட்டில் இருக்கிறது.